பேயில்லாத பேய்க்கதைகள்: எட்கர் ஆலன் போவை வாசிக்கத் தொடங்குபவருக்கு

அமெரிக்க எழுத்தாளர் போவின் உலகத்துக்குள் நான் முதலில் நுழைந்தது தவறான வாசல் வழியாக. பழைய புத்தகக் கடையில் கிடைத்த தொகுப்பில் 'அஷர் மாளிகையின் வீழ்ச்சி' என்ற தலைப்பு ஈர்த்ததால் அதையே முதலில் பிரித்தேன். முதல் வாக்கியமே ஐந்தாறு வரிக்கு நீண்டது. இரண்டாம் பக்கம் வந்தும் கதை சொல்பவர் வீட்டுக்குள் போகவில்லை. ஏரிக்கரையில் குதிரையை நிறுத்திவிட்டு வீட்டையே வெறித்துக்கொண்டிருந்தார். பேய் எப்போது வரும் என்று பொறுத்துப் பார்த்துவிட்டு மூடிவைத்தேன். மறுபடி திறக்க நான்கு ஆண்டுகள் ஆயின. உங்களுக்கு அந்த நான்கு ஆண்டுகள் மிச்சமாகட்டும். எந்த வரிசையில் படிப்பது, எங்கே கண்ணை வைப்பது, எதை இப்போதைக்கு ஒதுக்குவது என்று சொல்கிறேன்.

பெயர் ஒரு சின்னத் தொல்லை. 'போ' என்று தமிழில் எழுதினால் யாரையோ விரட்டுவது போல இருக்கிறது. பழகிவிடும்.

முதலில் பேயை மறந்துவிடுங்கள்

போவின் கதைகளை 'கோதிக்' வகை என்பார்கள். அது கோத் என்ற பழைய ஜெர்மானிய இனத்தின் பெயரிலிருந்து வந்த சொல். ஐரோப்பாவின் இடைக்காலக் கட்டடங்களுக்கு, கூர்முனை வளைவுகள் கொண்ட தேவாலயங்களுக்கு, 'காட்டுமிராண்டித்தனம்' என்ற பொருளில் வசையாக ஒட்டிக்கொண்டது. 1764இல் இங்கிலாந்தில் ஹொரேஸ் வால்போல் ஒரு கோட்டைக் கதையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் அதை 'கோதிக் கதை' என்றே அழைத்தார். அன்று முதல் பாழடைந்த கோட்டை, நிலவறை, இடிமழை, அலறி மயங்கும் பெண், குடும்பத்தைத் தொடரும் சாபம் எல்லாம் ஒரு நாடகக் கம்பெனியின் தட்டுமுட்டுச் சாமான்கள் போலக் கைமாறிக்கொண்டே வந்தன.

1809இல் பாஸ்டனில் பிறந்த போ எழுத வந்தபோது அந்தச் சாமான்கள் பழசாகிவிட்டன. போதாக்குறைக்கு அமெரிக்காவில் பாழடைந்த கோட்டைக்கு எங்கே போவது? ஜெர்மன் திகில் கதைகளை இறக்குமதி செய்கிறார் என்று விமர்சகர்கள் குறை சொன்னார்கள். 1840 என்று ஆண்டு பொறித்து வந்த தம் கதைத் தொகுப்பின் முன்னுரையில் அவர் பதில் சொன்னார்: என் கதைகளில் உள்ள பயங்கரம் ஜெர்மனியைச் சேர்ந்தது அன்று, ஆன்மாவைச் சேர்ந்தது.

இந்த ஒரு வாக்கியம்தான் சாவி. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்கு நான்கு பிறப்பிடங்களைச் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்கும் வெளியே இருந்து வருபவை. போவின் அச்சம் இந்த நான்கிலும் அடங்காது. அது பேசிக்கொண்டிருப்பவனின் தலைக்குள் இருந்து வருகிறது. உண்மையான அமானுஷ்யம் சில கதைகளில் உண்டுதான். ஆனாலும் புதிதாகப் படிப்பவர் "பேய் எங்கே?" என்று தேடாமல், "இதைச் சொல்பவன் யார், ஏன் இப்படிச் சொல்கிறான்?" என்று கேட்டுக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்தது.

தொடங்க வேண்டிய கதை

'தி டெல்-டேல் ஹார்ட்' என்ற கதை 1843 ஜனவரியில் வெளிவந்தது. தமிழில் 'காட்டிக்கொடுத்த இதயம்' என்று வைத்துக்கொள்வோம். நாலைந்து பக்கம்தான். ஒரே மூச்சில் படித்துவிடுங்கள். இதை நான் கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே அமர்வில் படித்து முடிக்க முடியாத படைப்பு தன் விளைவை இழந்துவிடும் என்பது போவின் கொள்கை. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒவ்வொரு சொல்லும் ஒரே உணர்வை நோக்கித் தள்ள வேண்டும் என்று 1842இல் ஒரு மதிப்புரையில் எழுதினார். பாதியில் போனை எடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

இரண்டாம் முறை படிக்கும்போது கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கதை சொல்பவன் 'எனக்குப் பைத்தியம் இல்லை' என்று எந்தெந்த இடத்தில் வாதாடுகிறானோ, அங்கெல்லாம் ஒரு கோடு போடுங்கள். முதல் வாக்கியத்திலேயே தொடங்கிவிடும். யாரும் கேட்காதபோதே பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான். நோய் தன் புலன்களைக் கூர்மையாக்கிவிட்டது, வானத்திலும் பூமியிலும் உள்ள எல்லாமே காதில் விழுந்தது என்கிறான். தான் தெளிவாக இருப்பதற்கு அதையே சான்றாகவும் காட்டுகிறான்!

அவன் கொல்லப்போவது தான் நேசிப்பதாகச் சொல்லும் ஒரு கிழவரை. பணத்துக்காக இல்லை, பகைக்காகவும் இல்லை. கிழவரின் ஒரு கண், படலம் மூடிய வெளிர்நீலக் கண், கழுகின் கண் போல இருக்கிறதாம். அவ்வளவுதான் காரணம். ஏழு நாள் நள்ளிரவில் கதவைத் திறந்து தலையை நுழைக்கிறான். தலை முழுதும் உள்ளே போக ஒரு மணி நேரம் ஆகிறது. கண் மூடியிருப்பதால் திரும்பிவிடுகிறான். எட்டாம் இரவு காரியம் முடிகிறது. உடல் தரைப்பலகைகளுக்கு அடியில் போகிறது.

பிறகு மூன்று போலீஸ்காரர்கள் வருகிறார்கள். சிரித்துப் பேசி உட்கார வைக்கிறான். தன் நாற்காலியைப் பிணம் இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயே போட்டுக்கொள்கிறான். அப்போது ஒரு சத்தம்: பஞ்சில் பொதிந்த கடிகாரம் போல, மெல்ல, விரைவாக. எதன் துடிப்பு அது? கிழவரின் இதயமா, அவனுடைய இதயமா, சுவருக்குள் தட்டும் வண்டா? போ சொல்லவில்லை. கொலைக்கு முன்பே அந்த இரவுகளில் சுவர் வண்டுகளின் ஓசையைத் தான் கேட்டுக்கொண்டிருந்ததாக அவன் போகிற போக்கில் ஒரு வரி சொல்கிறான். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். அந்த இடத்திலும் ஒரு கோடு போடுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கதை சொல்பவர் ஆணா பெண்ணா என்று கதையில் எங்குமே இல்லை. கிழவருக்கு என்ன உறவு என்றும் இல்லை. நானும் இதுவரை 'அவன்' என்றே எழுதிவந்திருக்கிறேன், பாருங்கள்.

அடுத்து, சொல்லாமல் விட்டதைப் படியுங்கள்

'அமான்டியாடோ பீப்பாய்' 1846 நவம்பரில் வந்தது. அமான்டியாடோ என்பது ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி மதுவின் ஒரு வகை. இத்தாலியில் திருவிழா நேரம். மான்ட்ரெசர் என்பவன் ஃபார்ச்சுனாட்டோ என்ற நண்பனை மது ருசி பார்க்க அழைத்துப்போய், வீட்டுக்கு அடியில் முன்னோர் எலும்புகள் அடுக்கிய நிலவறையில் சுவர் வைத்து உயிரோடு மூடிவிடுகிறான். கதை இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டு படித்தாலும் சுவை குறையாது. எனக்குத் தெரிந்து கூடத்தான் செய்கிறது.

ஏனென்றால், முடிவு தெரிந்தால்தான் பேச்சில் இருக்கும் விஷம் தெரியும். நிலவறைச் சுவரெல்லாம் வெடியுப்பு பூத்திருக்கிறது. ஃபார்ச்சுனாட்டோ இருமுகிறான். திரும்பிப் போய்விடலாம், உன் உடம்புக்கு ஆகாது என்று மான்ட்ரெசர் பரிவோடு சொல்கிறான். "இருமலால் நான் சாக மாட்டேன்" என்கிறான் மற்றவன். "உண்மை, உண்மை" என்கிறான் மான்ட்ரெசர். இந்த 'உண்மை'யை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஃபார்ச்சுனாட்டோ என்ற பெயருக்கு அதிர்ஷ்டசாலி என்று பொருள். அவன் அணிந்திருப்பது கோமாளி உடை, தொப்பியில் மணிகள். கடைசிக் கல்லை வைக்கும்போது உள்ளிருந்து வருவது அந்த மணிகளின் கிணுகிணுப்பு மட்டும்.

ஆயிரம் தீங்கு செய்தான் என்று முதல் வரியில் குற்றம் சாட்டுகிறானே, அவற்றில் ஒன்றையாவது மான்ட்ரெசர் சொல்கிறானா? தேடிப் பாருங்கள், கிடைக்காது. நடந்து ஐம்பது ஆண்டு கழித்து இதை யாரிடம் சொல்கிறான்? 'என் ஆன்மாவின் இயல்பை நன்கறிந்த நீங்கள்' என்று யாரையோ விளிக்கிறான். மரணப் படுக்கையில் பாதிரியாரிடம் செய்யும் பாவமன்னிப்பு என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. மன்னிப்புக் கேட்பவனிடம் இவ்வளவு கைத்திறப் பெருமை இருக்காது.

இப்போது அஷர் வீட்டுக்குப் போகலாம்

நான் தவறவிட்ட கதைக்கு இப்போது வருகிறேன். 1839இல் வெளிவந்தது. இதை மெதுவாக, முதல் இரண்டு பக்கத்தைச் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். ஆங்கில மூலத்தின் முதல் வாக்கியம் 'டல், டார்க், அண்ட் சவுண்ட்லெஸ் டே' என்று டகரத்தில் மோதி மோதி நகர்கிறது. நமக்கு மோனை புதிதா என்ன? அந்த டகர மோனை ஒரு கனத்த கதவை இழுப்பது போன்ற வேலையைச் செய்கிறது. வாக்கியம் நீளமாக இருப்பது போவின் அலட்சியம் இல்லை. உங்கள் மூச்சை முட்ட வைப்பதற்காகவே அப்படி.

மூன்று பொருள்களை மட்டும் பின்தொடருங்கள். முதலாவது, சன்னல்கள்: 'வெறுமையான கண்கள் போன்றவை' என்கிறார். இரண்டாவது, வீட்டின் எதிரே உள்ள கருநீர் ஏரி. மனச்சுமை குறையுமோ என்று கதைசொல்லி அந்த நீரில் வீட்டின் பிம்பத்தைப் பார்க்கிறார். தலைகீழாகத் தெரிந்த வீடு இன்னும் நடுங்க வைக்கிறது. மூன்றாவது, கூரையிலிருந்து கோணல்மாணலாக இறங்கி நீருக்குள் மறையும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு விரிசல். கடைசிப் பக்கத்தில் இந்த மூன்றில் இரண்டு திரும்பி வரும்.

உள்ளே ரோடரிக் அஷர் இருக்கிறார். புலன்கள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்ட நோய். உப்புச்சப்பில்லாத உணவு மட்டுமே ஒத்துக்கொள்ளும். பூவின் மணம் தாங்காது. மங்கிய வெளிச்சமும் கண்ணை வதைக்கும். சில தந்தி வாத்திய ஒலிகளைத் தவிர வேறு ஓசை ஆகாது. முதல் கதையின் கொலைகாரனும் எல்லாம் கேட்கிறது என்றான் அல்லவா? இப்படிக் கதைக்குக் கதை நூல் கோப்பதுதான் போவைப் படிப்பதில் உள்ள இன்பம்.

கதையின் நடுவே 'பேய் பிடித்த அரண்மனை' என்ற பாட்டு வரும். பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள். தாண்டாதீர்கள். கூரையில் பறக்கும் மஞ்சள் கொடிகள், ஒளி விடும் இரண்டு சன்னல்கள், முத்தும் மாணிக்கமும் பதித்த வாசல். வரைந்து பாருங்கள்: பொன்னிறத் தலைமுடி, இரு கண்கள், பற்களும் உதடும் கொண்ட வாய். அரண்மனை என்பது ஒரு மனிதத் தலை. உள்ளே அரசாள்வது சிந்தனை. பாட்டின் முடிவில் அதே வாசல் வழியாகக் கோரமான கூட்டம் சிரித்தபடி வெளியே பாய்கிறது. இந்தப் பாட்டைப் புரிந்துகொண்டபின் முதல் பக்கத்தின் 'கண் போன்ற சன்னல்கள்' வேறாகத் தெரியும். அஷர் என்ற பெயரை அந்தப் பக்கத்து மக்கள் குடும்பத்துக்கும் கட்டடத்துக்கும் சேர்த்தே வழங்குகிறார்கள் என்று போ முன்பே சொல்லிவைத்திருக்கிறார். நாமும் 'அந்த வீட்டுக்காரர்கள்' என்பதை விட்டுவிட்டு 'அந்த வீடு' என்றே குடும்பத்தைச் சொல்வதில்லையா?

ரோடரிக்கின் இரட்டையரான சகோதரி மேடலின் இறந்ததாகக் கருதி அவரைப் பெட்டியில் வைத்து நிலவறையில் மூடுகிறார்கள். கன்னத்தில் இலேசான சிவப்பும் உதட்டில் புன்னகையும் இருந்ததைப் பார்த்துவிட்டும் திருகாணியை முறுக்குகிறார்கள். உடலை எரிக்கும் வழக்கத்தில் வளர்ந்த வாசகருக்கு இந்த இடத்தில் சிறு விளக்கம் தேவை. உயிர் இருக்கும்போதே புதைத்துவிடுவார்களோ என்ற அச்சம் 19ஆம் நூற்றாண்டில் பரவலாக இருந்தது. உள்ளிருந்து மணியடிக்க வசதி செய்த சவப்பெட்டிகளுக்குக் காப்புரிமையே வாங்கினார்கள். போவின் வாசகருக்கு மேடலினின் கதி ஆகாயத்திலிருந்து குதித்த கற்பனை இல்லை.

காக்கைக் கவிதை: காதால் படிக்க வேண்டியது

'தி ரேவன்' 1845 ஜனவரி 29 அன்று நியூயார்க் நாளிதழ் ஒன்றில் வெளியாகி, போவை ஒரே வாரத்தில் ஊரறிந்தவராக்கியது. 18 பத்திகள், 108 வரிகள். தலைப்பைக் 'காகம்' என்று பெயர்க்கிறார்கள்; 'அண்டங்காக்கை' என்பதே பொருத்தம். ஒரு சின்ன எச்சரிக்கை: நம் வீட்டுக் கூரையில் காக்கை கரைந்தால் விருந்து வரும் என்போம், முன்னோருக்கு வைத்த சோற்றை அது வந்து எடுக்கக் காத்திருப்போம். ஆங்கிலக் கவிதையில் அது துர்ச்சகுனப் பறவை. இருந்தாலும் கவிதையின் தொடக்கத்தில் கதவு தட்டும் ஓசை கேட்டதும் அந்த மனிதன் நினைப்பது, யாரோ விருந்தாளி என்றுதான். நமக்கு அதில் கூடுதலாக ஒரு கசப்பு கிடைக்கிறது.

டிசம்பர் நள்ளிரவு. இறந்துபோன காதலி லெனோரை மறக்கப் பழைய புத்தகங்களில் மூழ்கியிருக்கும் மனிதன். சன்னலைத் திறந்ததும் பறவை உள்ளே வந்து, அறிவுத் தெய்வமான பல்லாஸின் சிலை மீது அமர்கிறது. அதற்குத் தெரிந்தது ஒரே சொல்: 'நெவர்மோர்', இனி ஒருபோதும் இல்லை. 18 பத்திகளின் கடைசிச் சொல்லும் 'மோர்' என்றே முடியும். நம் யாப்பில் சொன்னால் இயைபு. எங்கள் வகுப்பில் இதை வாசித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒருவர் 'எனக்கும் ஒரு டம்ளர்' என்றார். சிரித்து முடித்து இரண்டாம் முறை வாசித்தபோது யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல் ஆணி அடிப்பது போல விழுந்துகொண்டே இருந்தது.

கவனிக்க வேண்டியது கேள்விகளின் வரிசையை. முதலில் விளையாட்டாகப் பெயர் கேட்கிறான். பறவைக்கு வேறு சொல் தெரியாது, துயரப்பட்ட எந்த எஜமானரிடமோ கற்றிருக்கும் என்று அவனே ஊகித்தும்விடுகிறான். அதன் பிறகுதான் கேட்கிறான்: என் துயருக்கு மருந்து உண்டா? மறுவுலகில் அவளைத் தழுவுவேனா? பதில் என்னவென்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு, அதிகம் வலிக்கும் கேள்வியைத் தேர்ந்து கேட்கிறான். பறவை கொடுமை எதுவும் செய்யவில்லை. புண்ணைக் கிளறுவது அவனுடைய விரல்.

இந்தக் கவிதையைக் கணக்குப் போட்டு எழுதியதாக 1846இல் போ ஒரு கட்டுரை எழுதினார். முதலில் நீளத்தை முடிவு செய்தாராம், அப்புறம் ஒலியை, அப்புறம் சொல்லை. பேசும் பறவையாக முதலில் மனத்தில் வந்தது கிளியாம்! கட்டுரையைப் படியுங்கள், ஆனால் முழுவதையும் நம்பிவிடாதீர்கள். சமையல் முடிந்தபின் எழுதிய செய்முறைக் குறிப்பு போல இருக்கிறது.

கூடவே 'அனபெல் லீ'யையும் படித்துவிடுங்கள். கையறுநிலைப் பாட்டு; தாலாட்டு போன்ற சந்தம். அந்தச் சந்தத்தில் மயங்கிக் கடைசி வரிகளைக் கவனிக்காமல் விட்டால் ஏமாந்துபோவீர்கள். கடலோரக் கல்லறைக்குள் பிணத்தின் பக்கத்தில் இரவெல்லாம் படுத்திருக்கிறேன் என்கிறான் அவன்.

மற்றவை

'சிவப்புச் சாவின் முகமூடி' 1842இல் வந்தது. கொள்ளைநோயிலிருந்து தப்ப ஓர் அரசன் ஆயிரம் நண்பர்களோடு மதில் சூழ்ந்த மாளிகையில் பூட்டிக்கொள்கிறான். ஏழு நிற அறைகள் கிழக்கிலிருந்து மேற்கு நோக்கிப் போகின்றன; கடைசி அறை கருப்பு, அதன் கண்ணாடி மட்டும் இரத்தச் சிவப்பு. ஊரடங்கை அனுபவித்த நமக்கு உரையே வேண்டாம். 'கருப்புப் பூனை' நல்ல கதைதான், ஆனால் விலங்கு வதை மிகக் கொடூரமாக வரும், தாங்காதவர்கள் விட்டுவிடலாம். 1841இல் தொடங்கிய துப்பறியும் கதைகள் தனிப் பாதை, பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'தங்க வண்டு' கதையில் கருப்பினப் பாத்திரத்தைக் காட்டியிருக்கும் விதம் இன்று படிக்கக் கூசுகிறது.

வாழ்க்கை வரலாற்றைக் கதைகளுக்குப் பிறகு படியுங்கள். மூன்று வயது நிரம்பும் முன்பே தாய் இறந்தார். வளர்ப்புத் தந்தையோடு ஓயாத சண்டை. மனைவி வர்ஜீனியா 1842 ஜனவரியில் பாடிக்கொண்டிருந்தபோது இரத்தம் கக்கினார். காசநோய் ஐந்து ஆண்டுகள் இழுத்து 1847இல் அவரைக் கொண்டுபோனது. இதையெல்லாம் முதலில் படித்தால் ஒவ்வொரு பெண் பாத்திரத்திலும் வர்ஜீனியாவையே தேடத் தோன்றும். லெனோரைப் பாடியபோது வர்ஜீனியா உயிரோடுதான் இருந்தார். 1849 அக்டோபர் 7 அன்று போ பால்டிமோரில் இறந்ததும், ரூஃபஸ் கிரிஸ்வோல்ட் என்ற பகைவர் புனைபெயரில் இகழ்ச்சியாக இரங்கல் எழுதி, பின்னர் கடிதங்களைக்கூடத் திருத்தி வெளியிட்டார். போவைப் பற்றிய பல கட்டுக்கதைகளுக்கு அவர்தான் ஊற்று.

ஆங்கிலம் கடினமாக இருந்தால் தமிழ் மொழிபெயர்ப்பில் கதையையும், ஒலிப்பதிவில் மூலத்தின் ஓசையையும் பெறலாம். பதிப்புரிமை என்றோ காலாவதியாகிவிட்டதால் மூலம் இணையத்தில் இலவசம். கவிதைக்கு மட்டும் மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள்.

எல்லாம் முடிந்தபின், ஒரு மத்தியானத்தில், 1844இல் வந்த 'உயிருடன் புதைத்தல்' கதையை எடுங்கள். அவ்வப்போது பிணம் போல விறைத்துக் கிடக்க வைக்கும் நோய் கொண்டவன், உயிரோடு புதைத்துவிடுவார்கள் என்று நடுங்கி, குடும்பக் கல்லறையை உள்ளிருந்து திறக்கும்படி மாற்றி, பிணத்தின் கையில் கட்ட மணிக்கயிறு வரை ஏற்பாடு செய்கிறான். ஒரு நாள் விழித்தால் கும்மிருட்டு, நாலாபுறமும் மரப்பலகை, மூக்கில் ஈரமண் வாசனை. அலறுகிறான். யாரோ அதட்டுகிறார்கள். அவன் படுத்திருந்தது தோட்டமண் ஏற்றிய சிறு கப்பலின் குறுகிய படுக்கையில். அன்றோடு அவனுக்கு நோய் தெளிகிறது. மருத்துவப் புத்தகத்தை எரிக்கிறான், பூச்சாண்டிக் கதைகள் படிப்பதையே விட்டுவிடுகிறான். 'இதைப் போன்ற கதைகளை' என்று நாம் படித்துக்கொண்டிருக்கும் கதையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார் போ.